தனிமையிற் கைகொடுத்த தெய்வம்

மனிதனுக்கு வரும் துன்பங்கள் பல. பசி வந்தால் உணவு தீர்க்கும். நோய் வந்தால் மருந்து தீர்க்கும். வறுமை வந்தால் உழைப்பும் உதவியும் ஓரளவு தீர்க்கும். ஆனால், தனிமை என்னும் துன்பம் வந்தால் அதனைத் தீர்ப்பதற்குக் கடையில் வாங்கும் பொருள் ஒன்றும் இல்லை. ஆயிரம் பேர் நடுவே நிற்பவனையும் அது பிடித்துக்கொள்ளும். உற்றாரைப் பிரிந்தவன், ஊரைத் துறந்தவன், துணையை இழந்தவள், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் முதியோர் ஆகிய இவர்கள் யாவரும் அறிந்த துன்பம் அது. அத்துன்பத்தில் நம் முன்னோர்க்குக் கைகொடுத்தது யாது? பிரார்த்தனையே என்று பெரியோர் கூறுவர். அக்கூற்று உண்மைதானா, உண்மையாயின் எவ்வாறு உண்மையாயிற்று என்பதை எமது மாத்தளைச் சீமையின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக மலையேறி, றிவஸ்டன் கணவாயின் காற்றைக் கடந்து, இலுக்கும்புறை வழியாக இறங்கினால் லக்கலப் பிரதேசம் கண்ணுக்குப் புலப்படும். நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட தும்பறை மலைத்தொடரின் மடியில் அமைந்த நாடு அது. சிங்களக் கிராமங்களும், வயல்களும், சேனைப் புனங்களும், ஏலக்காய் விளைந்த காடுகளும் நிறைந்தது. றத்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள். மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். எதிர்மலையில் எரியும் விளக்குத் தெரியும். ஆனால் அங்குள்ளவரின் குரல் கேளாது. வீதியும் பேருந்தும் வந்துவிட்ட இந்நாளிலேயே அந்தி வேளையில் மனத்தில் ஓர் ஏக்கம் எழுமானால், கால்நடையாக வந்து காட்டை வெட்டிக் குடியேறிய அந்நாளில் எவ்வாறு இருந்திருக்கும்? இதனை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வடபாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகளில் இலங்கை மலைநாட்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிற்று. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அது காட்டுத்தீயெனப் பரவிற்று. காட்டை அழிக்கவும், வீதி வெட்டவும், கோப்பிப் பழம் பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். தொண்டி, தேவிபட்டினம், இராமேஸ்வரம் முதலிய துறைகளிலே பாய்மரப் படகேறி, தலைமன்னார், அரிப்பு முதலிய கரைகளிலே அவர்கள் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரையில் நடை. தலைமன்னாரிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 150 மைல். அதுவே வடபாதை எனப்பட்டது.

அப்பாதையிலே தண்ணீர் அரிது; நிழல் இருந்தும் ஊர் இல்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் காத்திருந்தன. நடக்க முடியாதவர் வழியில் விடப்பட்டனர். இறந்தவர்க்கு அழுவதற்கும் நேரமில்லை. கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். கணவனைப் பாதையோரத்திலே புதைத்துவிட்டுக் கைக்குழந்தையோடு கூட்டத்தின் பின்னால் நடந்த பெண்ணின் தனிமைக்கு எதனை ஒப்பிடுவது? அவளுக்குப் பின்னால் ஊர் இல்லை. முன்னால் அறிந்த முகம் இல்லை. அவ்வாறு வந்தவர்கள் மாத்தளையை அடைந்தபோதுதான் சிறிது மூச்சு விட்டார்கள். மாத்தளையே அவர்களுக்கு மலைநாட்டின் வாசற்படி. அங்கிருந்தே கண்டிப் பக்கமும், மேற்கே தெற்கே உள்ள மலைகளுக்கும், கிழக்கே றத்தோட்டை லக்கலப் பக்கத்து மலைகளுக்கும் பிரிந்து சென்றனர்.

1867ஆம் ஆண்டில் கண்டிக்கும், 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்கும் புகையிரதம் வந்தது. 1914ஆம் ஆண்டில் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. நடைப் பயணத்தின் துயரம் நின்றது. ஆனால், தனிமை நிற்கவில்லை. அது வேறு வடிவம் கொண்டது. கோப்பிக் காலத்தில் வந்தோரிற் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். கோப்பிப் பழத்துக்குப் பருவம் உண்டு. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலையில் நோய் கண்டது. சில பத்தாண்டுகளில் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் ஆள் கேட்பது. எனவே, திரும்பிப் போகும் வழி அடைபட்டது. பருவத் தனிமை ஆயுள் தனிமையாயிற்று. கங்காணியிடம் பட்ட கடனும், தோட்டத்தின் எல்லையும், லயத்தின் ஒற்றை அறையும் அவர்களுடைய உலகமாயின.

மண்ணுள் மறைந்திருந்த தலம்

இங்கே நாம் ஒரு வரலாற்றுச் சோகத்தைக் குறிப்பிடாமலிருக்க முடியாது. அவர்கள் வந்திறங்கிய மன்னார்க் கரைக்கு அண்மையில்தான் திருக்கேதீஸ்வரம் இருக்கின்றது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம் அது. எனினும், கோப்பிக் காலத்துத் தொழிலாளர் அவ்வழியே நடந்தபோது அங்கே கோயில் இல்லை. போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்ட அத்தலம் காடு மூடிக் கிடந்தது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1872ஆம் ஆண்டிலே அதனை மீளக் கட்ட வேண்டுமென்று சைவ மக்களை வேண்டினார். 1903ஆம் ஆண்டிலேயே அங்கு மீண்டும் கும்பாபிஷேகம் நடைபெற்றது. ஆகவே, ஆறுதல் வேண்டிய மக்கள் ஆறுதல் தரும் தலத்தின் அருகே நடந்தும், அதனை அறியாமலே கடந்து சென்றனர். கோயில் மண்ணுள் மறைந்திருந்தது. தெய்வம் மாத்திரம் அவர்கள் நெஞ்சிலே கூட வந்தது.

அத்தலத்தைப் பாடிய சுந்தரரின் வரலாற்றை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். திருவொற்றியூரை விட்டு நீங்கேன் என்று சங்கிலியாருக்குச் சூளுரைத்தவர் அவர். திருவாரூர் நினைவு மேலிட, அச்சொல்லைத் தவறி ஊரெல்லையைத் தாண்டினார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன. நண்பராய் வந்த இறைவனும் மறைந்துவிட்டார் போலும் என்னும்படி, அறியாத வழியிலே ஒருவராய் நின்றார். அவர் செய்தது என்ன? மௌனமாய் விதியென்று இருந்துவிடவில்லை. இறைவனை நோக்கி வேண்டினார், முறையிட்டார், உரிமையோடு சண்டையும் இட்டார். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது கண் அன்று, ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பின்னரே கிடைத்தன என்று பெரிய புராணம் கூறும்.

இதிலே நமக்கு இரண்டு பாடங்கள் உள. ஒன்று: தனிமையிற் செய்யும் பிரார்த்தனை இனிய சொற்களாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. அழுகையும் பிரார்த்தனையே, முறையீடும் பிரார்த்தனையே, ஏன், கோபமும் பிரார்த்தனையே. யாரோ ஒருவர் கேட்கின்றார் என்ற நம்பிக்கையில்லாமல் எவரும் கோபித்துக்கொள்வதில்லை அன்றோ? மற்றொன்று: பிரார்த்தனை முதலிற் கொடுப்பது கேட்ட பொருளை அன்று, அடுத்த அடியை எடுத்து வைப்பதற்கு ஓர் ஊன்றுகோலை. எமது முன்னோர்க்குக் கிடைத்ததும் அத்தகைய ஊன்றுகோலேயாகும்.

பிடிமண்ணும் மரத்தடிக் கல்லும்

ஊரை விட்டுப் புறப்படுகையில் தம் குலதெய்வத்தின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு வருதல் நம் மக்களின் வழக்கம். பிடிமண் என்பது அதன் பெயர். சொத்தென்று கொண்டுவர ஒன்றுமில்லாதவனும் அதனைக் கொண்டு வருவான். வந்த இடத்தில் ஒரு மரத்தைப் பார்த்து, அதன் அடியிலே கல்லொன்றை நட்டு, அம்மண்ணை இட்டு, மஞ்சளும் குங்குமமும் சாத்தி, கற்பூரம் கொளுத்தி, மாரியென்றும் முனியென்றும் மாடசாமியென்றும் அழைத்தான். அழைத்த கணத்திலேயே அந்நியக் காடு அவனுக்கு ஊராகத் தொடங்கிற்று.

இவ்வழிபாட்டைக் கல்லைக் கும்பிடும் அறியாமை என்று அந்நாளில் துரைமாரும், அவர்களைப் பார்த்து நம்மவரிலே படித்த சிலரும் இகழ்ந்ததுண்டு. இகழ்ந்தவர்கள் ஒன்றை மறந்தனர். தோட்டத்திலே அவனை எண்ணாலும் பற்றுச்சீட்டாலும் அறிந்தவர் பலர்; அவனுடைய பெயரையும் வருத்தத்தையும் கேட்பார் ஒருவரும் இலர். பெரட்டுக் களத்தில் அவன் ஓர் ஆள். கணக்குப் புத்தகத்தில் அவன் ஒரு கடன். மரத்தடிக் கல்லின் முன்னே மட்டுமே அவன் இன்னாருடைய மகன், இன்ன ஊரான், இன்ன குறையுடையவன். தன்னை முழு மனிதனாகக் கேட்கும் ஒரு செவி அங்கே இருந்தது. அச்செவி இல்லாதிருந்தால் அவர்களிற் பலர் மனம் உடைந்தே மாண்டிருப்பர்.

தாம் செய்யும் தொழிலையே அவர்கள் தெய்வத்தோடு இணைத்துக்கொண்டனர் என்பதும் நோக்கத்தக்கது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் பொங்கலிட்டனர். தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தைக் காக்கும் தெய்வத்துக்கு ரோதைமுனி என்று பெயர் வைத்தனர். தமிழ்நாட்டிலே எந்தக் கிராமத்திலும் இல்லாத தெய்வங்கள் இவை. வாழ்க்கையின் எந்த மூலையில் அச்சமும் தனிமையும் இருந்தனவோ, அந்த மூலையிலெல்லாம் ஒரு விளக்கை ஏற்றிவைத்தார்கள் என்பதே இதன் பொருள்.

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் வரலாறும் ஒரு மரத்தடியிலேதான் தொடங்குகின்றது. மரத்தின் கீழே வைத்து வணங்கப்பட்ட சிறிய உருவமே அன்னையின் முதல் ஆலயம். நடந்து வந்து களைத்தவர்கள் அங்கே விழுந்து வணங்கிவிட்டு மலையேறினர் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1874ஆம் ஆண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பொருளுதவியோடு கோயில் எழுந்தது. வணிகரின் பணமும் தொழிலாளரின் காசும் கூடிக் காலப்போக்கில் அது பெருங்கோயிலாயிற்று. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதியில் வரும்போது, சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டு வருவதை இன்றும் காணலாம். அன்று தனித்தனியே வந்து அழுதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே வடத்தைப் பிடித்து இழுக்கின்றனர். தனிமையிற் பிறந்த பிரார்த்தனை கூட்டத்தை உண்டாக்கிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கூடி அழுத கூத்து

பிரார்த்தனை என்பது கண்ணை மூடிக் கைகூப்பி இருப்பது மட்டுமன்று. தோட்டங்களிலே ஆடப்பட்டுவரும் காமன் கூத்தைப் பாருங்கள். மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, நாட்கணக்கில் விரதமிருந்து, இரவுகளிலே ஆடுவர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்து போகின்றான். அவன் மனைவி ரதி தனியளாய் நின்று புலம்புகின்றாள். அப்புலம்பலைக் கேட்டிருக்கும் பெண்கள் கண்ணீர் விடுவர். ரதிக்காகவா அழுகின்றனர்? கணவனை இழந்தவள் தன் கணவனுக்காகவும், ஊரில் விட்டுவந்த தாயின் முகத்தை மறுபடி காணாதவள் அத்தாய்க்காகவும் அழுகின்றாள். தனியறையில் அழ முடியாத அழுகையை ஊர் கூடி அழுவதற்கு அக்கூத்து ஓர் இடம் அமைத்துக் கொடுத்தது. இறுதியில் காமன் உயிர் பெறுவான். அழுதவர் மனமும் சிறிது உயிர் பெறும்.

அருச்சுனன் தபசும் அவ்வாறே. உறவினரைப் பிரிந்து, தனியனாய்த் தவம் செய்யச் செல்லும் அருச்சுனன், உயர்ந்த கம்பத்திலே படிப்படியாகப் பாடிக்கொண்டு ஏறுகின்றான். கம்பத்தின் உச்சியில் இருப்பவன் ஒருவன். ஆனால் கீழே விழித்திருப்பது ஊர் முழுவதும். ஒருவன் தனிமையில் தவம் செய்கையில் மற்றவர் உறங்காமல் அவனுக்குத் துணையிருத்தல் என்னும் அரிய பாடத்தை அக்கூத்து சொல்லாமற் சொல்கின்றது. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் போன்றோரின் உழைப்பினால் அம்மக்களின் உள்ளத்தை நாம் இன்று ஓரளவு அறிகின்றோம். தாலாட்டும், ஒப்பாரியும், கொழுந்தெடுக்கும்போது பாடிய பாட்டும் அவர்களுக்குப் பிரார்த்தனையின் பிள்ளைகளே.

அயலவரின் வணக்கத்தையும் மறத்தலாகாது. லக்கலக் கிராமங்களிலே வாழும் சிங்கள மக்களும் மலையின் தனிமையை அறிந்தவர்களே. புத்த பகவானை வணங்கும் அவர்கள் கதிர்காமத் தெய்வத்தையும் பத்தினித் தெய்வத்தையும் போற்றுகின்றனர். பத்தினி என்பவள் நம் கண்ணகியே என்பதை யாவரும் அறிவர். துணையை இழந்து, அந்நிய நகரத்திலே ஒருத்தியாய் நின்று நீதி கேட்டவளை இரு இனத்தாரும் தெய்வமாக வணங்குகின்றனர். நாலந்தாவில் உள்ள கெடிகே என்னும் பழைய கற்கோயில் தமிழகத்துக் கோயிற் கட்டட முறையில் அமைந்த பௌத்த வணக்கத்தலம். போவதென்ன நீர்த்தேக்கம் அமைத்தபோது அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து மீண்டும் கட்டினர். வடபாதையில் வந்த நம் முன்னோர் நாலந்தாவைத் தாண்டித்தான் மாத்தளைக்கு வந்தனர். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரத்தை இழந்து, 2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய நகருக்குப் பெயர்ந்தவர்களின் மனத்தில் எழும் ஏக்கத்தை நாம் உணர முடியாதா? ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கே ஊர் இழந்தவனின் துயர் நன்கு விளங்கும்.

எதிர்த்திசையில் வந்த துறவி

1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே சுவாமி விவேகானந்தர் மேலைநாடுகளில் வெற்றியுலா முடித்துக் கொழும்பு வந்திறங்கினார். கண்டி வழியாக மாத்தளைக்கு வந்து, ஓரிரவு இங்கே தங்கினார். மறுநாள் குதிரை வண்டியிலே யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளைக்கு அருகே வண்டியின் சக்கரம் உடைந்துவிட்டது. நடுவழியிலே மூன்று மணி நேரம் காத்திருந்து, பின்னர் மாட்டு வண்டியிலே மெல்லச் சென்றனர். அநுராதபுரத்திலே வழிபாடு பற்றி உரையாற்றினார். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து பாம்பனில் இறங்கி, இராமேஸ்வரம் ஆலயத்திலே ஜனவரி 27ஆம் நாள் உண்மையான வழிபாடு யாது என்பதைப் பற்றிப் பேசினார்.

அன்பர்களே! இதன் சிறப்பை நோக்குங்கள். நம் முன்னோர் இராமேஸ்வரத்துக் கரையிலிருந்து புறப்பட்டுத் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்தனர். சுவாமிகளோ மாத்தளையிலிருந்து தம்புள்ளை வழியாக வடக்கே சென்று, முடிவில் இராமேஸ்வரத்தை அடைந்தார். அவர்கள் வந்த திசைக்கு எதிர்த்திசை அவர் சென்ற திசை. அங்கே அவர் கூறியதன் சாரம் இதுவே: விக்கிரகத்திலே மட்டும் சிவனைக் காண்பவனுடைய வழிபாடு தொடக்கநிலையில் உள்ளது, ஏழையிடத்தும், எளியவனிடத்தும், நோயாளியிடத்தும் சிவனைக் கண்டு தொண்டு செய்பவனே உண்மையில் சிவனை வழிபடுகின்றான். வடபாதையின் துயரத்துக்கு இதனைவிடத் தகுந்த மறுமொழி எவரும் கூறியதில்லை. பாதையோரத்திலே கைவிடப்பட்டவனிடத்துச் சிவனைக் கண்டிருந்தால், அவனைக் கைவிட்டுக் கூட்டம் நகர்ந்திருக்குமா?

ஆகவே, பிரார்த்தனையின் எல்லையையும் நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். பிரார்த்தனை வாந்திபேதியை நிறுத்தவில்லை. தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று 1872ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அச்சட்டமும், மருந்தும், சுத்தமான நீரும், பின்னாளிலே தொழிற்சங்கங்களின் போராட்டமும் செய்த வேலையைக் கற்பூரம் செய்திராது. தனித்துத் துன்புறும் ஒருவரிடம் போய், ‘கடவுளைக் கும்பிடு, எல்லாம் சரியாகும்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவது ஆறுதல் அன்று. அது நம் கடமையைக் கடவுளின் தலையிலே சுமத்துவதாகும்.

பிரிவின் காலம்

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி இம்மக்களுக்குப் புதியதொரு தனிமையைக் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும், 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது; எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. மனிதரை எண்ணிப் பிரிக்கும்போது உறவை யார் எண்ணுவார்? அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை. மகள் அங்கே, தாய் இங்கே. புகையிரத நிலையங்களிலே அன்று எழுந்த அழுகையை முதியோர் இன்னும் மறக்கவில்லை. முன்னோர் கடலைக் கடந்து வரும்போது பிடிமண் கொண்டு வந்தனர். பேரப்பிள்ளைகள் திரும்பிப் போகும்போது, தோட்டத்து மாரியம்மன் கோயிலின் திருநீற்றை முடிந்துகொண்டு சென்றனர்.

1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயலிலே மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயம் தீக்கிரையாகிப் பெருஞ்சேதமுற்றது. வீடிழந்தவர் பலர். அன்னையின் கோயிலே எரிந்துபோனபின் எங்கே சென்று அழுவது என்று திகைத்தவர் பலர். ஆனால், மக்கள் பழைய வழக்கத்தை மறக்கவில்லை. மரத்தடியிலே கல் நட்டுத் தொடங்கியவர்களுக்குச் சாம்பலிலிருந்து தொடங்குவது புதிதன்று. கோயில் மீண்டும் எழுந்தது. 108 அடி உயர்ந்த இராஜகோபுரமும் எழுந்து நிற்கின்றது. மாத்தளை நகருக்குள் வருவோர் எவரும் அதனைக் காணாமல் கடக்க முடியாது. 2003ஆம் ஆண்டிற் சட்டமொன்று வந்து, நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்க்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று.

2023ஆம் ஆண்டிலே, மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் ஒரு நினைவு நடைப்பயணம் நிகழ்ந்தது. ஜூலை இறுதியிலே புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். பல இனத்தாரும் பல சமயத்தாரும் அவர்களோடு நடந்தனர். யாருமற்று நடந்தவர்களின் பாதையிலே இம்முறை பலர் சேர்ந்து நடந்தனர். இறந்தவர்களுக்குச் செய்யும் வணக்கங்களில் இதுவும் ஒன்றன்றோ?

நமது கடமை

வாலிபத் தோழர்களே! தனிமை பழங்காலத்துக் கதையன்று. 2018ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசாங்கம் தனிமையைப் போக்குவதற்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. 2023ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் தனிமையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கொண்டு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. செல்வமும் வசதியும் மிகுந்த நாடுகளே திகைத்து நிற்கின்றன என்றால், நம் லயங்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? பிள்ளைகள் கொழும்பிலே கடையிலும் வீட்டிலும் வேலை செய்கின்றனர். மகள் மத்திய கிழக்கு நாட்டிலே இருக்கின்றாள். பாட்டி பேரப்பிள்ளையோடு வாசலில் இருக்கின்றாள். கையிலே தொலைபேசி இருக்கின்றது. ஆனால் தொலைபேசி தலையைத் தடவிக் கொடாது. நகரத்து அறையிலே தனித்திருக்கும் இளைஞனும் அப்பாட்டியைப் போலவே தனித்தவன்தான். அவன் அதனை வெளியிற் சொல்வதில்லை, அவ்வளவே.

அவனுக்கும் அவளுக்கும் நாம் கூறத்தக்கது என்ன? நம் முன்னோர் கண்டறிந்ததையே கூறுவோம். அந்தியிலே ஒரு விளக்கை ஏற்றுக. வாய்க்கு வந்த சொல்லாலே இறைவனை அழைக்க. மந்திரம் தெரியாவிட்டால் குறையைச் சொல்லுக. குறை சொல்லவும் மனமில்லாவிட்டால் சும்மா இருந்து அழுக. கேட்பார் ஒருவர் உளர் என்னும் நினைவு நெஞ்சில் ஊன்றும்போது, கேளாத இவ்வுலகத்தைத் தாங்குவதற்கு ஒரு வலிமை பிறக்கும். இது ஏட்டிலே படித்துக் கூறுவதன்று. 150 மைல் நடந்து வந்தவர்களின் வாழ்வு கூறுவது.

ஆனால், விளக்கேற்றும் கடமை தனித்தவருடையதாயின், அவ்விளக்கைத் தேடிச் செல்லும் கடமை நம்முடையது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு வர இயலாத முதியவர் வீட்டுக்கு ஒருவர் செல்லலாமே. மார்கழிப் பஜனை வீதியிலே போகும்போது, கதவு சாத்தியிருக்கும் வீட்டின் முன்னே ஒரு பாட்டு அதிகம் பாடலாமே. பிள்ளைக்குக் கடிதமோ செய்தியோ எழுதத் தெரியாத தாய்க்கு அதனை எழுதிக் கொடுக்கலாமே. மனம் சோர்ந்திருக்கும் நண்பனை வைத்தியரிடம் அழைத்துச் செல்லலாமே. இவையெல்லாம் பிரார்த்தனைக்குப் புறம்பான சமூக வேலைகள் என்று எவரும் எண்ண வேண்டா. ஒருவனுடைய பிரார்த்தனைக்கு இறைவன் பெரும்பாலும் மற்றொருவனுடைய கால்களிலே நடந்து வந்தே மறுமொழி கூறுகின்றான்.

றிவஸ்டன் மலையிலே அந்தி வேளையில் நின்று பார்த்தால், ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு விளக்கு எரிவதைக் காணலாம். தோட்டத்து மாரியம்மன் சந்நிதி விளக்கும், கிராமத்து விகாரையின் விளக்கும் அங்கே ஒரே மூடுபனியைத்தான் துளைக்கின்றன. அவற்றுக்கு இடையே இருள் இருக்கின்றது, பாதையும் இருக்கின்றது. அப்பாதையிலே நடப்பவர்கள் நாமாக இருப்போமாக. தனித்திருப்போர் யாவருக்கும் அன்னை முத்துமாரி துணையிருப்பாளாக. அவள் துணையிருப்பது எமது கைகளின் வழியாகவும் நிகழ்வதாக.

வாழ்க வையகம்! வளர்க எமது சங்கம்!